இருபத்தொரு அங்குலம்

பூவாறு ரிசார்ட்காரர்கள் கழித்துக்கட்டியதில்
இரண்டு கயாக் வாங்கினேன்.
மஞ்சளுக்கு முப்பது அங்குல அகலம், தட்டை அடி.
வெள்ளைக்கு இருபத்தொன்றுதான்,
அடியில் மழுங்கிய ஏரா.

பொழிக்கு இந்தப் பக்கம், நெய்யாறு அசையாத இடத்தில்,
மஞ்சளில் சம்மணமிட்டுச் சாயா குடித்திருக்கிறேன்.
கிளாஸ் தளும்பாது.
வெள்ளையோ நான் தும்மினால் நடுங்கும்.
ததேயுஸ் தன் வள்ளத்திலிருந்து கத்தினான்,
"முருங்கைக்காய்மேல ஏறி எங்க போறிய, அக்கா?"

பொழி முறிந்த மறுவாரம்
மஞ்சளைக் கடலுக்குக் கொண்டுபோனேன்.
தட்டை அடி கடலை நம்பிவிடுகிறது.
அலை எந்தச் சாய்வில் வந்ததோ
அந்தச் சாய்விலேயே தானும் படுத்துக்கொள்கிறது.
மூன்றாவது அலையில் வானம் பச்சையாக இருந்தது.
மூக்கெல்லாம் மணல்.
துடுப்பு நீரோடிப் பக்கம் ஒதுங்கியது.

வெள்ளை ஆடும். இன்னும் ஆடும்.
பிறகு ஓர் இடத்தில் விலாவைத் தண்ணீரில் ஊன்றி
இதற்குமேல் இல்லை என்று நிற்கும்.
அந்த இடத்தைக் கண்டுபிடிக்கப் பதினோரு நாள் பிடித்தது.
வலது முழங்காலைத் தூக்கினால்
இடது விளிம்பு அமிழும்,
அணியம் வலப்பக்கம் திரும்பும், கைக்கு வேலையில்லை.
கச்சான் அடித்தால் மட்டும்
மூக்கைக் காற்றை நோக்கியே கொண்டுபோகும்.
பின்னாலிருக்கும் தகட்டை உள்ளங்கை அளவு இறக்கினால்
வழிக்கு வரும்.

வலி இருக்கையில்தான் இருந்தது.
எந்த ஊர் ஆணின் இடுப்புக்கோ வார்த்த பிளாஸ்டிக்.
என்னுடையது இரண்டு பிரசவம் கண்டது.
நாற்பது நிமிஷத்தில் இடது கால் மரத்துப்போகும்.
பாறசாலை டாக்டர்
அகலமானதாக ஒன்று வாங்கச் சொன்னார்.
அவர் மஞ்சளைப் பார்த்ததில்லை.

பிரெட் வெட்டும் கத்தியால் யோகா பாயை அறுத்தேன்.
தொடைக்கு இரண்டு துண்டு, இடுப்புக்கு இரண்டு,
கால்நரம்பு நசுங்காமல் முன்னால் ஓர் ஆப்பு.
பசை காயும்வரை வீடெல்லாம் செருப்புக்கடை வாசம்.

இன்று காலை நீரோடியைத் தாண்டும்போது
கேரளத்துக்கு வரவேற்கிறோம் என்று
பைக்குள் போன் அதிர்ந்தது.
அப்போது பக்கவாட்டில் ஒன்று எழும்பி வந்தது.
நான் இடுப்பை மட்டும் தளர்த்தினேன்.
கீழே வெள்ளை தன் ஆட்டத்தை ஆடியது.
மேலே என் தலை,
கூடை சுமந்து மணலில் நடக்கும் மீன்காரியின் தலைபோல,
அதே உயரத்தில் போய்க்கொண்டிருந்தது.
இடது கால் மரத்திருக்கிறதா என்று
பொழியூர் வரும்வரை பார்க்கவில்லை.

மஞ்சளை ததேயுஸ் கேட்கிறான்,
ஐஸ் போட்டு மீன் வைக்க.
கொடுத்துவிடலாம்.
கரையில் அது சாயவே சாயாது.