மழையில் காயும் மிளகாய்

அந்தப் படத்தில் பெய்கிற மழை என்னுடையது.
கானாடுகாத்தான் வடக்கு வீதியில்
எட்டாயிரம் லிட்டர் லாரி, இரண்டு நடை.
இரண்டாம் நடைக்கு இன்னும் காசு வரவில்லை.
அப்பா செத்த சேதி கேட்டு
கதாநாயகன் நனைந்துகொண்டே அழுகிறான்.
அவன் தோளுக்கு மேலே
எதிர்வீட்டு மொட்டைமாடியில்
ஒரு சேலை நீளத்துக்குச் சிவப்பாய்
மிளகாய் காய்கிறது.

காரைக்குடித் தியேட்டரே மூக்கை உறிஞ்ச
நான் ஒருவன் சிரித்தேன்.
முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்,
இழவு வீட்டில் சோறு எப்போது என்று கேட்டவனைப்
பார்ப்பதுபோல.

அன்றைக்குப் பிடித்த வியாதி இது.

ராத்திரி எட்டரை சீரியலில்
மாமியார் தட்டில் ஐந்து வெள்ளைப் பணியாரம்.
மருமகளைத் திட்டிக்கொண்டே இரண்டைத் தின்கிறாள்.
திட்டி முடிக்கையில் தட்டில் ஆறு.
(அப்படி ஒரு தட்டு
எங்கள் வீட்டுக்கும் கிடைத்தால் தேவலை.)
பின்னால் சுவர்க்கடிகாரத்தில் நான்கு பத்து.
நிச்சயதார்த்தம் நான்கு பத்துக்கு,
பிரசவ வலி நான்கு பத்துக்கு,
அண்ணன் தம்பி சொத்துப் பிரித்ததும்
நான்கு பத்துக்கு.
எனக்குத் தெரியும் அந்தக் கடிகாரத்தை.
குழாயை இழுத்துக்கொண்டு அதன் கீழேதான் போவேன்.
சாவி கொடுக்க வேண்டியவர்கள்
கோலாலம்பூரில் இருக்கிறார்கள்.

இன்னொரு படத்தில்
ஆத்தங்குடிக் கல் பாவிய கூடத்தைக் காட்டி
தஞ்சாவூர் ஜமீன் என்றார்கள். போகட்டும்.
வாசல் தாண்டி அழுதுகொண்டே ஓடியவள்
தெருமுக்குத் திரும்பியதும்
தேவகோட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள்.
முப்பது கிலோமீட்டர்.
தலையில் ஒரு மல்லிகை வாடவில்லை.

இதெல்லாம் தப்பு, சரி.
தப்பென்றும் சொல்ல முடியாதவை சில உண்டு.
ஏன் ஒருவரும் ஆட்டோவுக்குப் பேரம் பேசுவதில்லை?
'சரி, வச்சிரவா' என்று கேட்காமலே
எப்படிப் போனை வைக்கிறார்கள்?
ஒட்டியாணத்தோடு புரண்டு படுக்க முடியுமா?
காபி வருகிறது, கூடவே சண்டை வருகிறது,
ஆளுக்கொரு பக்கம் எழுந்து போகிறார்கள்.
அந்தக் காபியை
கடைசியில் யார்தான் குடிப்பது?

கொப்புடைநாயகி உள்ளி உரித்துக்கொண்டே
இத்தனையும் கேட்பாள்.
'கதையப் பாக்க விடுங்களேன்' என்பாள்.
நேற்று விளம்பரம் வந்தபோது
ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள்.

"நம்ம கல்யாண ஆல்பத்துல
தாலி கட்டுறப்ப ஒங்க கையில வாட்ச் இருக்கு.
எங்கப்பா போட்டது. கோல்டு கலர் செயின்.
பந்தியில எலைக்கு முன்னாடி உக்காந்திருக்கீங்க.
அதே சட்டை, அதே மால,
வாட்ச் இல்ல.
மடிச்சு விட்டிருந்த சட்டைக் கைய
எறக்கி விட்டிருக்கீங்க."

உள்ளியை உரித்துக்கொண்டுதான் சொன்னாள்.
கண் கலங்கியிருந்தால்
அது உள்ளிக்கா என்று எனக்குத் தெரியவில்லை.

பத்தொன்பது வருஷம்.

முகூர்த்தத்துக்கும் பந்திக்கும் நடுவே
போட்டோக்காரர் பிலிம் மாற்றிக்கொண்டிருந்தார்.
செலவு எங்கள் பக்கம்.
கொட்டகைக்குப் பின்னால் அரிசி மூட்டைகளிடையே
பாக்கியை வைத்தால்தான் ஆச்சு என்று
அடுப்பில் ஊற்றுவதற்கு
ஒரு வாளித் தண்ணீரோடு நின்றார் சமையல்காரர்.
ஒரு வாரத்தில் மீட்டுவிடலாம்
என்றுதான் கழற்றினேன்.
மறு மாதம் போனபோது
அவர் கடையைக் காலி பண்ணியிருந்தார்.

"எப்பப் பாத்த?" என்றேன்.
"ஆல்பம் வந்த அன்னிக்கே."

வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் சீரியல் வந்துவிட்டது.
அதே கூடம், அதே மாமியார், நான்கு பத்து.
சத்தத்தைக் கூட்டிவிட்டு
முன்னால் சாய்ந்து விரல் நீட்டினாள்:

"இந்தா பாருங்க,
பணியாரம் எட்டாயிருச்சு."