தள்ளுவண்டி போகும் பாதை

ஃபெல்டனில், கார் நிறுத்துமிடத்துப் பலகை சொன்னது:
சமதளம். முக்கால் மைல்.
தள்ளுவண்டி போகும்.
எங்களுக்கு அவ்வளவு போதும்.
குழலி டயப்பர்களை எண்ணிப் பார்த்தாள்,
நான் முறுக்குப் பொட்டலங்களை.
ஆதன் எதையும் எண்ணவில்லை.
அவனுக்கு ஒன்பது வயது.
எனக்கும் அவனுக்கும் பதினான்கு மாதம்.

இந்தப் பதினான்கு மாதமும்
அவன் என்னை எதுவும் சொல்லி அழைத்ததில்லை.
அப்பா என்பவர் சாக்ரமெண்டோவில் இருக்கிறார்,
ஞாயிறுதோறும் திரையில் வருகிறார்.
அங்கிள் என்றால் யாரோ.
ஆகவே என் கண்ணில் படும்படி வந்து நிற்பான்,
நான் நிமிர்ந்ததும் பேசத் தொடங்குவான்.
தண்ணீர் வேண்டுமென்றால்
சட்டை நுனியில் ஒரு சுண்டு.
கெட்டிக்காரப் பிள்ளை.
விளி இல்லாமல் ஒரு வீட்டில் வாழ்வது
எத்தனை பாடு என்று
எட்டாம் வேற்றுமையை மனப்பாடம் செய்தவனுக்குத் தெரியும்.

உள்ளே நுழைந்ததும் வெயில் வாசலிலேயே நின்றுவிட்டது.
ஜூலையில் குளிர்.
செம்மரம் என்று சொல்ல வாய் வரவில்லை,
அது நம் ஊரில் வேறு மரம், வேறு வழக்கு.
ரெட்வுட் என்றே இருக்கட்டும்.
அண்ணாந்து அண்ணாந்து
நறுமுகையின் தொப்பி கழன்றது,
மூன்று முறை எடுத்து மாட்டினேன்,
நாலாவது முறை பையில் வைத்தேன்.
பட்டையைத் தொட்டால் தேங்காய் நார்,
விரல் அமுங்குகிறது.
ஆயிரத்தைந்நூறு வயது இருக்குமாம் ஒன்றுக்கு.
குழலி அதை ஆதனிடம் சொன்னாள்.
"பாத்ரூம் எங்க?" என்றான் அவன்.

திரும்பி வந்து மறுபடி தொடங்கினோம்.
பாதையோரம் ஒரு வாழைப்பழ நத்தை,
ஓடு கிடையாது,
பூவன்பழ மஞ்சள், நாலு அங்குலம்.
ஆதன் குந்திவிட்டான்.
சக்கரநாற்காலியில் ஒருவர் எங்களைச் சுற்றிப் போனார்,
இரட்டைக் குழந்தைகளோடு ஒரு குடும்பம் போனது.
நத்தை ஒரு காய்ந்த இலையைக் கடக்க
பதினொரு நிமிடம்.
கடந்ததும்
ஆதன் மெல்லக் கை தட்டினான்,
அதற்குக் கேட்காதபடி.

அப்பால் ஒரு மரத்தில்
என்றைக்கோ பிடித்த தீ குடைந்துவைத்த பொந்து.
குனிந்து, கொஞ்சம் தவழ்ந்தால் நுழையலாம்.
வண்டியை வெளியே விட்டோம்,
நால்வரும் போனோம், குழந்தை என் தோளில்.
உள்ளே இருட்டு,
கண்ணுக்கு நேரே பிடித்த என் கை
எனக்கே தெரியாத இருட்டு.
பழங்கரி வாசம், ஈர மண்.
இங்கே கண்ணில் படும்படி வந்து நிற்க வழியில்லை.
சட்டை நுனி எங்கே என்று யாருக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் மூச்சுகள் மட்டும்.
பிறகு, என் இடுப்பு உயரத்திலிருந்து:
"பொழிலன்."
"ம்?"
"என் கால மிதிச்சிட்டிருக்கீங்க."

எடுத்தேன்.
"பெரியவங்கள பேர் சொல்லியாடா கூப்பிடுவ?"
இருட்டில் வளையலோடு சேர்ந்து வந்தது குழலியின் குரல்.
விடு, என்றேன்.
விடு விடு.
வங்கியில் அந்தப் பெயரைத் தடவித் தடவிப் படிப்பார்கள்,
அலுவலகத்தில் பாதியாக வெட்டிப் பால் என்று ஆக்கிவிட்டார்கள்.
முழுசாக, ழகரம் பிசகாமல்
கேட்டு எத்தனை நாள்.
இது முதல் தடவை வாயில் வரும் சுத்தம் இல்லை.
பள்ளிப் பேருந்திலோ குளியலறையிலோ
தனியே சொல்லிப் பார்த்திருக்கிறான்.

வெளியே வந்தால் எல்லார் முழங்காலிலும் கரி.
பள்ளத்தில் நீராவி ரயில் கூவியது, முகை திடுக்கிட்டு அழுதாள்.
ஆதன் பழையபடி எதிரே வந்து நின்றான்,
நான் நிமிரும்வரை.
"முறுக்கு?"
கொடுத்தேன்.
தூள் கீழே சிந்தாமல் கையைக் குவித்துத் தின்றான்.

இன்னும் கால் மைல் மிச்சம்.
வண்டியின் இடது சக்கரம் கிரீச்சிடுகிறது.
வழியில் வேறு பொந்து உண்டா என்று
மரம் மரமாய்ப் பார்த்துக்கொண்டே
தள்ளினேன்.