எழுத்துப் பிழை

இலோய்லோ நகரில்
பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில்
எனக்கு முப்பத்தொரு பெயர்கள்.

பகல் முழுக்கக் கீழே பல் பிடுங்குவார்கள்.
இரவில் மேலே நாங்கள்
ஊருக்குப் பல் முளைக்க வைப்போம்.

முப்பத்தொன்றில் இருவர் எனக்குப் பிரியமானவர்கள்.
மலையடிவாரத்து மெர்லிண்டா:
மூன்று பன்றிகள், ஒரு விதவைத் துயரம்,
படத்துக்கு யாரோ ஒரு பெரு நாட்டுக்காரியின் முகம்.
கரையோரத்துக் காஸியோ:
மீன்பிடிப் படகு, சர்க்கரை வியாதி,
ஞாயிறு தவறாத பூசை.
போன பிப்ரவரியில் அவருக்குக் காய்ச்சல் வரவைத்தேன்.
நாற்பது பேர் ஜெபித்தார்கள்.
அதில் முப்பத்தெட்டுப் பேர் நிஜம்.

மலைத் தண்ணீரைக் கரைக்குக் கொண்டுபோகும்
குழாய் விவகாரம்.
காஸியோ சொல்வார்:
மலைக்காரர்களுக்குத் தண்ணீர் எதற்கு,
குளிக்கிற வழக்கமே இல்லையே.
மெர்லிண்டா சொல்வாள்:
எங்கள் ஊற்றைக் குடிக்கும் கரைத் திறுடர்கள்.
இதைத் தட்டும்போது மணி இரண்டேகால்.
பக்கத்தில் நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது.
சந்தேகம் வராமலிருக்க
நான்கு வரிக்கு ஒரு பிழை வைக்கச் சொல்லியிருந்தார்கள்.
அந்த று
என் கைத்தையல், என் பூவேலை.

எந்தப் பக்கம் ஜெயிக்கணும் என்று
ஒருமுறை கேட்டேன், வேலைக்குப் புதிதில்.
மேற்பார்வையாளன் டெல்ஃபின் சிரித்தான்.
குழாய் என்ன விலை என்று
ஒருத்தரும் கேட்கக் கூடாது,
அவ்வளவுதான் என்றான்.
காகிதக் கோப்பையை நசுக்கிக் கூடைக்கு எறிந்தான்.
விழவில்லை. எடுக்கவுமில்லை.

மூலையில் ஓர் அலமாரி.
ஆளே இல்லாத கணக்குகள் அதில்.
தூங்காது, சம்பளம் கேட்காது.
நான் ஒன்று சொன்னால்
ஆமாம் போட ஆறாயிரம் தலைகள்.
வீட்டில்கூட என் பேச்சுக்கு
இவ்வளவு மரியாதை இருந்ததில்லை.

பிறகு அந்த வியாழக்கிழமை.
புயல் ஓரமாக உரசிப் போனதில்
மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.
மெர்லிண்டா வாய் திறந்தபடி,
காஸியோ பாதி வசவில்,
ஆறாயிரம் ஆமாம்களும் ஒரே நொடியில் அணைந்தன.
இருட்டில் டெல்ஃபின் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்,
அன்றைக்கு அந்த அறையில்
சொந்தமாகச் சொல்லப்பட்ட முதல் வார்த்தை.

என் கைப்பேசியில் பதினொரு சதவீதம் மிச்சம்.
நாங்கள் இல்லாத சண்டை
எப்படிக் கிடக்கும் பார்க்கலாமே என்று
என் பெயரிலேயே திறந்தேன்.

நடந்துகொண்டிருந்தது.

கொஞ்சம் மெதுவாக, மூச்சு வாங்கி வாங்கி,
ஆனால் நடந்துகொண்டிருந்தது.
ஒரு பள்ளி ஆசிரியை.
ஒரு ட்ரைசைக்கிள் ஓட்டுநர்.
ஒருவன் இன்னொருவனுடைய வீட்டுக்கு
வழி கேட்டுக்கொண்டிருந்தான்.
நடுவில் என் அண்ணன் அர்னுல்ஃபோ.
அடிவாரத்தில் பிறந்து கரையில் பெண் எடுத்தவன்.
தன் மைத்துனனைப் பெயர் சொல்லி,
ஊர் பார்க்க, எழுதியிருந்தான்:
திறுடர்கள்.

அதே று.

வேண்டாம் அண்ணா, நிறுத்து,
அந்த வரியை எழுதினது யார் தெரியுமா
என்று தட்டினேன்.
பின்பாதியை அழித்துவிட்டு அனுப்பினேன்.
படமில்லாத கணக்கு, பதினேழு நண்பர்கள்.
ஒருத்தி உடனே எச்சரித்தாள்:
இது போலி, யாரும் நம்ப வேண்டாம்.
அண்ணன் பதில் போட்டான்:
இல்லை, என் தங்கச்சிதான்.
விலைபோய்விட்டாள்.

சின்ன வயதிலிருந்தே
அவனுக்குப் பொய் சொல்ல வராது.

ஏழு சதவீதத்தில் விளக்கு வந்தது.
மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது.
டெல்ஃபின் கை தட்டினான், ம், ஆகட்டும்.
பாதி வசவின் நுனியில்
கர்சர் துடித்தபடி நின்றார் காஸியோ.

மீதியை எழுத எனக்கு வரவில்லை.
எழுதாவிட்டால் என்ன,
ஊருக்கு மனப்பாடம்.