சொட்டு

எட்டு மாதமாக ஒரு மூடியோடு மல்லுக்கட்டுகிறோம்.
பால் பெட்டியின் மூடி.
ஊற்றி நிமிர்த்தியதும்
விளிம்பில் ஒரு சொட்டு நிற்கும், யோசிக்கும்,
பிறகு வழிந்து
தார்த்து நகரத்து மேசை விரிப்புகளையெல்லாம்
புளிக்க வைக்கும்.

பதினான்கு மாதிரிகள் தோற்ற பிறகு
நிர்வாகம் எங்களை ஓவியக் கூடத்துக்கு அனுப்பியது.
புதுமை கற்றுக்கொண்டு வாருங்கள்,
மதிய உணவுக்குள்.

வெளியே மைனஸ் பதினேழு. எமாயெகி ஆறு
கல்லாய்க் கிடந்தது.
கோட்டுகளைக் கழற்றி மாட்டிவிட்டு
பள்ளிப் பிள்ளைகள்போல் வரிசையில் நின்றோம்.
ஆளுக்கு மூன்று மஞ்சள் சீட்டு நீட்டினாள்
பயிற்சி தர வந்த கெர்லி:
ஒரு சீட்டுக்கு ஒரு பாடம்.

தாவெத் நின்ற இடத்திலேயே எழுதினான்: துணிந்து செய்.
மாரே எழுதினாள்: சட்டகத்தை உடை.
சட்டகத்துக்குள்தான் தொங்கிக்கொண்டிருந்தன எல்லாமே.

கடலைப் பார்த்தேன், கடலாகத்தான் இருந்தது.
ஒரு பிரபுவைப் பார்த்தேன்,
அவர் என்னைப் பார்க்கவில்லை.
ஒரு சிவப்புக் கோட்டின் முன் நெடுநேரம் நின்றேன்,
பின்னால் வருகிறவர்கள்
ஏதோ புரிந்தவள் என்று நினைக்கட்டுமே என்று.

மூன்றாம் அறைக் காவலனுக்கு இருபது வயதிருக்கும்.
அவன் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை.
அடியில் ஒரு நுழைவுச்சீட்டை
எட்டாக மடித்துச் செருகியிருந்தான்.
ஆடவில்லை.
அந்தக் கட்டடத்திலேயே
பெயரும் ஆண்டும் ஒட்டாத ஒரே படைப்பு.

அதே அறையில், தீயணைப்பானுக்குப் பக்கத்தில்,
கைக்குட்டை அளவில் ஒரு படம்.
கறுப்பு ரொட்டி, கத்தி, பால் ஜாடி.
வரைந்தவள் எல்ஃப்ரீதே கூசிக்.
கேள்விப்பட்டதில்லை.
ஜாடியின் மூக்கில் ஒரு சொட்டு.
அடிப்பாவி, உனக்கும் இதே தொல்லையா!

கிட்டே போனேன். காவலன் இருமினான்.
இன்னும் கிட்டே.
சொட்டில் வண்ணமே இல்லை.
சுற்றிலும் சாம்பலும் நீலமும்
இழைத்து இழைத்துப் பூசியவள்
அந்தக் கடுகளவை மட்டும் தொடாமல் விட்டிருந்தாள்.
வெறும் துணி.
வெறும் துணிதான் அங்கே மின்னிக்கொண்டிருந்தது
தொண்ணூறு வருடமாக விழாமல்.

தெரிந்தே விட்டாளா,
வெள்ளை தீர்ந்துபோனதா,
அடுப்பில் ஏதும் பொங்கி எழுந்து ஓடினாளா,
சுவர்க் குறிப்பில் இல்லை.

நாங்களோ சேர்த்துக்கொண்டே இருந்தோம்.
ஓர் உதடு, உதட்டுக்கு ஒரு வரப்பு,
வரப்புக்குக் காவலாய் ரப்பர் வளையம்,
ஒவ்வொரு தோல்வியின் மேலும்
இன்னொரு மில்லிமீட்டர்.
எதையாவது எடுத்துப் பார்ப்போமே என்று
பதினான்கு கூட்டத்தில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.
சேர்த்தால் சம்பளத்துக்கு வேலை செய்த மாதிரி இருக்கிறது.
எடுத்தால் என்ன கணக்குக் காட்டுவது?

சீட்டு வாங்க வந்தாள் கெர்லி.
என்னுடையவை மூன்றும் வெற்று.
கொஞ்ச நேரம் பார்த்தாள். கண் பளபளத்தது.
"இதுதான், இதுதான்" என்று
பலகையின் நட்டநடுவில் ஒட்டினாள்.
குளிரில் கட்டிப்போன என் பேனா
காலையிலிருந்து எழுதவில்லை என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.
எல்ஃப்ரீதே, உன்னிடமும் இப்படித்தான்
யாராவது வந்து நெகிழ்ந்தார்களா?

வெள்ளிக்கிழமை, ஆய்வுக்கூடம்.
ஒன்பதாம் மாதிரியின் வளையத்தைக் கழற்றினேன்.
வரப்பை பிளேடால் சீவினேன்.
உதட்டில் பாதியை நறுக்கி எறிந்தேன்.
ஊற்றினேன். நிமிர்த்தினேன்.
சொட்டு நின்றது.
யோசித்தது.
மாரே மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

விழுந்தது.
ஆனால் இடப்பக்கம்.
எட்டு மாதத்தில் ஒருமுறைகூட
அது இடப்பக்கம் விழுந்ததில்லை.

யாரும் பேசவில்லை.
தாவெத் மெல்லக் குனிந்து
மேசைக் கால்களைப் பார்த்தான்.
நான் கோட்டுப் பையில்
நுழைவுச்சீட்டைத் தேடினேன்.