சுண்டுவிரல்

அரசரடி முக்கு. பதினொன்றரை தாண்டிவிட்டது.
பரோட்டாக் கல் ஆறுகிறது.
கடைக்காரர் பக்கத்து மேசை நாற்காலிகளைக்
கவிழ்த்து வைத்துக் காட்டியும்
நாங்கள் எழவில்லை.

‘நனைந்த தீப்பெட்டி’யின் ஒன்பதாவது ஆல்பம்
முந்தாநாள் இரவு வந்திருந்தது.

“நாலோட முடிஞ்சிருச்சுப்பா” என்றான் சிக்கந்தர்.
ஐந்து வந்தபோதும் இதையே சொன்னான்.
ஏழு வந்த வாரம்
வடக்கு வெளி வீதியில் கடை மாற்றிக்கொண்டிருந்தான்,
பேரிங் பெட்டியைத் தலையிலிருந்து இறக்கிவைத்து
போன் போட்டுச் சொன்னான்:
நாலோட முடிஞ்சிருச்சு.

துளசிராமுக்குச் சுங்குடிச் சேலை வியாபாரம்.
“புதுசுல எல்லாச் சாயமும் பளிச்சுனுதான் இருக்கும்.
ஏழெட்டு அலசலுக்கு அப்பறம் நிக்கிது பாரு, அது நெறம்.”
“ஒன்பது நெறமா? வேட்டி மாதிரியில்ல இருக்கு”
என்றான் சிக்கந்தர். சால்னா தெறிக்கச் சிரித்தோம்.

என் கட்சி தனி.
எல்லாம் சரி, ஆறு மட்டும் மோசம்.
அந்தக் கிதாரில் ஏதோ ஒரு பம்மாத்து,
எதையோ மறைக்கிற எதிரொலி,
காலி வீட்டில் பேசுவதுபோல.
திருநகர்க் கல்லூரி மைதானத்தில்
கச்சேரி முடிந்து கையெழுத்துக்கு நின்றபோது
ஆன்ட்ரோவிடம் நேராகவே சொன்னவன் நான்:
“அண்ணே, இப்பல்லாம் சோம்பேறி ஆயிட்டீங்க.”
சிரித்தார்.
சிடி உறையில் வலது கையால் கையெழுத்துப் போட்டார்.

பியூலா அதுவரை
கூடுதல் வெங்காயம் கேட்க மட்டுமே வாய் திறந்திருந்தாள்.
நரிமேட்டுச் சர்ச்சில் ஞாயிறுதோறும் கிதார் வாசிப்பவள்.
இலையில் கை துடைத்து, என் போனை வாங்கி,
இரண்டாவது ஆல்பத்தில் ஒரு பாட்டு, கால் நிமிடம்.
பிறகு புதியதில் ஒன்று.
“மொதல்ல, மேல ஒரு சத்தம் சிணுங்குச்சா?
இதுல அது எங்க?”

தேடினோம்.
ஒரு தண்ணி லாரி கடந்து போகும்வரை காத்திருந்து
மறுபடி தேடினோம்.

பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடியில்
இடது கையை விரித்து அழுத்திக் காட்டினாள்.
மூன்று விரல் குனிந்தன,
கடைசி விரல் எழும்பியே நின்றது.
“சுண்டுவிரல் வர மாட்டேங்குது அவருக்கு.
ஆறுல மறைக்கப் பாத்துருக்காரு.
ஏழுல வேகத்தக் கொறச்சாரு.
எட்டுலேர்ந்து அந்த எடத்தச் சும்மா விட்டுட்டாரு.”

“ஒரு பேட்டியிலகூடச் சொல்லலயே?”
“நீ ஒன் மூலத்தப் பேட்டியில சொல்லுவியா?”

சிக்கந்தர் தண்ணீர் குடித்தான்.
துளசிராம் பில்லை எடுத்துக்கொண்டான்,
அவன் எடுத்து நாங்கள் பார்த்ததில்லை.
அவள் சொன்னது நிஜமா என்று
ஆன்ட்ரோவைத் தவிர யாருக்குத் தெரியும்.
எழுந்து கை கழுவப் போகும்போது
“இருந்தாலும் நாலு நாலுதான்” என்றான் சிக்கந்தர்,
குழாயைப் பார்த்து.
“நான் எங்க இல்லன்னேன்” என்றாள்.

செல்லூருக்குத் திரும்ப ஆற்றைக் கடக்க வேண்டும்.
பாலத்தில் யாருமில்லை,
கீழே ஒரு ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர்.
ஹெல்மெட்டுக்குள் ஆறாவது ஆல்பம்.

கையெழுத்துப் போட்டபோது
இடது கை கால்சட்டைப் பையில் இருந்தது.
அன்றைக்கு அதைத் திமிர் என்று
நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஏற்றத்தில் கிளட்சைப் பிடித்தேன்.
பிறகு சுண்டுவிரலை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு
மூன்று விரலால் இழுத்துப் பார்த்தேன்.
ஒரு உதறல், வண்டி அணையப் பார்த்தது,
கியர் கரகரவென்று விழுந்து
போகத்தான் செய்தது.

ஆறு எனக்கு இன்னமும் பிடிக்கவில்லை.
வீட்டு வாசலில் இன்ஜினை அணைத்துவிட்டு
ஹெல்மெட்டைக் கழற்றாமல்
அந்த மூன்றாவது பாட்டை
இன்னொரு தடவை வைத்தேன்.