இரண்டு மீட்டர்

முதலில் அறையை அளக்கச் சொன்னார் ஜெசிந்தா.
உச்சி முதல் குதிகால்வரை திரையில் தெரிய
இரண்டு மீட்டர் காலியிடம் வேண்டுமாம்.
ஃபஹாஹீலில், ஆறு கட்டில் போட்ட அறையில்
இரண்டு மீட்டர் என்பது
இரண்டு பேர் வெளியே போவது.

ஷஃபிகுலும் பினோயும்
வெள்ளிக்கிழமைத் தூக்கத்தை விட்டு
வராந்தாவில் டீயோடு நின்றார்கள்.
தண்ணீர் கேனில் போனைச் சாய்த்தேன்.
மேல்கட்டிலில் காய்ந்த யாருடைய சட்டையோ
ஏசிக் காற்றில் ஆடி ஆடி
என் இடது தோளை மறைத்தது.

இரவில் எழுப்பிவிடுகிற வலியா?
விரல் மரத்துப்போகிறதா?
ஆமென்றால் இன்று வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.
இங்கிருந்து நான் பார்க்கத்தான் முடியும்,
தொட முடியாது.

கம்பெனி கிளினிக்கில்
பத்துக்குள் ஓர் எண் கேட்பார்கள்.
ஐந்து என்பேன்.
ஏழென்றால் டிக்கெட் போட்டுவிடுவார்கள் என்று
பஸ்ஸில் பேச்சு.
இவர் கேட்டது வேறு:
குத்தலா, குடைச்சலா, கடுப்பா, இழுப்பா?

எனக்கு உடனே வாய் வரவில்லை.
எட்டு வருஷமாக இந்தத் தோளிடம்
யாரும் தமிழில் விசாரித்ததில்லை.

குடைச்சல் என்றேன்.
படியேறினால் கடுப்பும்.

என்ன வேலை?
ஸ்டோரில் கணக்கு என்று நாக்குவரை வந்தது.
சாரம் கட்டுகிறேன்.
ஒரு பைப் எவ்வளவு?
இருபத்தாறு கிலோ.
ஒரு நாளைக்கு எத்தனை?
எண்ணியதில்லை.
நாளைக்கு எண்ணுங்கள்.
பயிற்சி அதற்கப்புறம்தான்.

பினோய் கதவைத் தட்டினான்:
முடிஞ்சதா?
நான் இன்னும்
கையையே தூக்கவில்லை.