மரியாதை அப்புறம்

லாபிஸ் சமூக மண்டபத்தில்
மூன்று மின்விசிறியில் ஒன்று சுற்றவில்லை.
அறிவிப்பாளர் அவள் பெயரைக்
கல்லோடு சோறு மெல்பவர்போல்
"தானா… லோ… சானி" என்றார்.
தனலோசனி எழுந்தாள்.
பூட்ஸுக்குப் பழகிய கால்
புதுச் செருப்பில் கொஞ்சம் தடுமாறியது.

அவளுக்கு முப்பத்து நான்கு.
எனக்கு ஐம்பத்திரண்டு.
இருபத்தேழு வருஷம் செம்பனைக் குலை சுமந்த என் லாரி
தோட்டம் கைமாறிய மாதம்
என்னை இறக்கிவிட்டுப் போனது.
தண்டவாளக் குழுவில் நான் புது ஆள்.
கூடவே ஃபைசால்,
சபாவிலிருந்து வந்த ஜெஃப்ரின்.
இரண்டும் என் மகனைவிடச் சின்னது.

முதல் நாள் எங்களுக்குச் சுத்தியல் தரவில்லை.
வேலியோரம் சும்மா நிற்க வைத்தாள்.
"ரயில் சத்தம் கேட்டதும் எண்ணுங்க.
எதிரே வந்ததும் நிறுத்துங்க."
நான் நாலில் இருந்தேன்,
காற்று முகத்தில் அறைந்தது.
"பழைய டீசல் வண்டி
ஊரையே கூட்டிக்கிட்டு வரும், அங்கிள்.
இது பூனை."

பிறகு சொன்னாள்:
தண்டவாளத்தை மிதிக்காதே, தாண்டு.
பசியாறாமல் வந்தவன் இறங்காதே
(சொல்லிவிட்டுத் தன் நாசி லெமாக்கில்
பாதியை ஃபைசாலிடம் தள்ளினாள்).
ஆபத்தைப் பார்த்தால் கத்து.
எதிரில் யாராய் இருந்தாலும் கத்து.
மரியாதை அப்புறம்.

ஒன்பதாம் நாள், தூறல்.
வளைவுக்குப் பக்கத்தில் ஜெனரேட்டர் இரைச்சல்.
காவலாள் ஊதிய விசில் அதில் கரைந்துபோனது.
போல்ட்டின்மேல் குனிந்திருந்த லோசனி
பார்க்காமல் ஓரடி பின்னால் வைத்தாள்,
அடுத்த தடத்துக்குள்.
ஈரத்தில் நான் வெளிச்சத்தைப் பார்த்தேன்.

என் வாயில் வந்தது
"மண்டோர்" இல்லை. "அம்மா" இல்லை.
லாரிக்குக் குறுக்கே நின்ற மாட்டை
இருபத்தேழு வருஷம் விரட்டிய சொல்.
இங்கே எழுத முடியாது.

அவள் பாய்ந்தாள்.
அவள் விட்ட ஸ்பானர்
செம்பனைக்குள் எங்கோ பறந்தது,
இன்னும் கிடைக்கவில்லை.

ஜல்லியில் உட்கார்ந்து
நடுங்கும் கையை நடுங்கும் கையால் பிடித்துக்கொண்டு
பதிவுப் புத்தகம் கேட்டாள்.
வேண்டாம் மண்டோர், யாரும் பார்க்கல என்றோம்.
எழுதினாள்: நேரம், இடம்.
தவறியவர் என்ற கட்டத்தில்: நான்.

அந்த ஒரு வரியில் விழுந்தது
எங்கள் குழுவின் ஆயிரத்து நாற்பது நாள் பூஜ்யம்.
கூடவே தீபாவளிக்கு வரவேண்டிய ஹாம்பர்.
ஃபைசால் மூன்று நாள் அவளோடு பேசவில்லை.
உண்மையைச் சொல்கிறேன்,
உயிர் பிழைத்தவளை எதிரில் வைத்துக்கொண்டு
நானும் மைலோ டின்னை நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து
அந்த வரியைப் படித்த யாரோ
வளைவுக்கு ஒரு சைரனும்
இரண்டாவது காவலாளும் அனுப்பினார்கள்.
அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது?
ஒன்றும் நடக்கவில்லை.
நடக்காததை எப்படிப் படம் பிடிப்பது,
எந்தக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுவது?
புதிதாய் வந்தவர்கள்
மாலையில் மோட்டாரை உதைத்து வீட்டுக்குப் போனார்கள்,
அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் புது ஆள் வந்தால்
முதல் பாடத்துக்கு என்னைக் கூப்பிடுகிறாள்.
"அங்கிள், அன்னிக்குக் கத்தினீங்களே, அதே சுதியில."
நான் கத்துவேன். அவர்களும் கத்துவார்கள்.
மலாய்க்காரப் பையன், நேப்பாளி,
குளுவாங்கிலிருந்து வந்த சீனப் பெண்,
எல்லோரும் தொண்டை கிழிய.
அது "ரயில் வருது" என்பதற்குத் தமிழ் என்று
ஜெஃப்ரின் இன்றுவரை நம்புகிறான்.
யாரும் திருத்தவில்லை.

மேடையில் அதிகாரி சான்றிதழை நீட்டினார்.
படம் எடுப்பவர் பின்னால் போகச் சொன்னார்.
லோசனி முதலில் திரும்பிப் பார்த்தாள்,
பிறகு ஓரடி வைத்தாள்.

அதைக் கண்டதுதான் தாமதம்,
கடைசி வரிசையில் ஜெஃப்ரின்
நாற்காலிமேல் ஏறி நின்று
அந்தச் சொல்லை, என் சொல்லை,
முழு மூச்சோடு கத்தினான்.

டத்தோ கைதட்டினார்.
தமிழர் வரிசை தலை குனிந்தது.
என் மனைவி மெதுவாகத் திரும்பி
என்னைப் பார்த்தாள்.